அசலில் பிழை

நெருப்பு, சக்கரம், தறி ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் காணவிருக்கும் மாபெரும் திருப்பம் வருகிற திங்கட்கிழமை காலை நிகழும் என்றும், அது சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் நிகழும் என்றும், அந்த நொடி முதல் பாடம் புரியாத குழந்தை என்று ஒன்று இந்தப் பூமியில் இருக்காது என்றும் கல்வித்துறை அறிவித்தது. அறிவிப்பைப் பள்ளியின் பலகையில் ஒட்டினார்கள். பக்கத்தில், இந்த வாரம் சத்துணவில் முட்டை கிடையாது என்ற இன்னோர் அறிவிப்பு இருந்தது. பிள்ளைகள் இரண்டாவதை மட்டும் படித்தார்கள். திங்கட்கிழமை மின்தடை. ஆகவே மனித குலத்தால் செவ்வாய்க்கிழமைதான் திரும்ப முடிந்தது.

அந்த வகுப்பின் கணக்கு வாத்தியார் கோமதிநாயகத்துக்குத் திருப்பங்கள் புதிதல்ல. ஐம்பதைத் தாண்டியவர். வேலையில் சேர்ந்த நாள்முதல் துறை அவரை மேம்படுத்திக்கொண்டே இருந்தது. முதலில் வண்ண அட்டைகளால் மேம்படுத்தியது, பிறகு குறுந்தகட்டால், பிறகு கைப்பேசிச் செயலியால், பிறகு தொட்டால் எழுதும் பலகையால். ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் ஒரு பயிற்சி. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆறிப்போன வடை, குழுப்படம், சான்றிதழ். இவ்வளவு மேம்பட்ட பிறகும் ஒரு மனிதன் இருந்த இடத்திலேயே இருக்க முடியும் என்பதற்கு அவர் நடமாடும் ஆதாரமாக இருந்தார்.

இந்த முறை வந்ததன் முழுப்பெயர் ‘ஆசிரியர் ஆற்றல் உன்னத மேம்பாட்டு இணை வகுப்பறைத் திட்டம்’. மூச்சு வாங்கும் என்பதால் ஆசிரியர்கள் ‘நகல் கிளாஸ்’ என்றார்கள். அதை விளக்கிப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு கருத்தாளர் வந்தார். பெயர் கவின்ராஜ். வயது கோமதிநாயகத்தின் சர்வீஸைவிடக் குறைவு. எந்தக் கேள்விக்கும் “நல்ல கேள்வி சார்” என்று சொல்லிவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்லும் வித்தை அவருக்கு அந்த வயதிலேயே கைவந்திருந்தது.

“டாக்டர் முதல்ல பொம்மை உடம்புலதான் கத்தி வைக்கிறார். பைலட் ஒரு கூண்டுக்குள்ள உக்காந்து நூறு தடவை விழுந்து எழுந்த பிறகுதான் நிஜமா மேல போறார். டீச்சர் மட்டும் ஏன் சார் புது டூல் கையில வந்ததும் உயிருள்ள பிள்ளைங்க மேல பழகணும்?” என்று கேட்டார் கவின்ராஜ்.

“இத்தன வருசமா அதத்தானய்யா செஞ்சிக்கிட்டு இருக்கோம்” என்றார் கோமதிநாயகம்.

அரங்கம் சிரித்தது. கவின்ராஜ் சிரிக்கவில்லை. அதைப் பயனுள்ள பின்னூட்டம் என்று குறித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வகுப்பறையில் சில நாள் கேமராக்கள் இருக்கும். எந்தப் பிள்ளை எப்போது கை தூக்குகிறது, எங்கே விழிக்கிறது, என்ன எழுதுகிறது, எப்போது கொட்டாவி விடுகிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நகலை இயந்திரம் உண்டாக்கும். பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் கணினி அறைக்குப் போனால் சுவர் முழுக்க அந்த நகல்கள் உட்கார்ந்திருக்கும். புதிய கருவிகளை அவற்றின் மேல் பழகிக்கொள்ளலாம். நகல்களும் படிக்கும், மறக்கும், சந்தேகம் கேட்கும். பழகியதை மறுநாள் அசல் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

“அசலும் நகலும் தொண்ணூத்தேழு சதவீதம் ஒத்துப்போகும் சார்.”

“மிச்ச மூணு?”

“வேர்வை, புழுதி, அந்த மாதிரி சார்.”

கேமரா வருகிறது என்று கேள்விப்பட்டதும் தலைமையாசிரியை ஜெசிந்தா, ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியைக்குப் புரியக்கூடிய ஒரே விதத்தில் அதைப் புரிந்துகொண்டார். ஆய்வு வருகிறது. சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னார். குடிநீர்த் தொட்டிக்கு மூடி வந்தது. பெண் பிள்ளைகள் எண்ணெய் வைத்து இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டி வர வேண்டும் என்று உத்தரவானது. கோமதிநாயகமும் தம் பங்குக்கு, ஆய்வு என்றால் ஒரு கணக்கு வாத்தியார் செய்ய வேண்டியதைச் செய்தார். பிள்ளைகளுக்குக் கைப்பாடம் நடத்தினார்.

கைப்பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆய்வாளர் முன்னால் கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. வாத்தியார் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவார். ஆய்வாளர் அந்தக் கைக்காட்டைக் கண்டு மெய்ம்மறந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார். இதைக் கோமதிநாயகம் கண்டுபிடிக்கவில்லை. நாலாம் வகுப்பில் அவரே இடது கை தூக்கியவர்தான்.

கேமராக்கள் இருந்த நாட்களில் எட்டாம் வகுப்பு ஆ பிரிவு பிரமாதமாகக் கை தூக்கியது. “புரிஞ்சுதா?” என்று அவர் கேட்குமுன்பே “புரிஞ்சுது சார்” என்று கூரை அதிர்ந்தது. ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் தன்ஷிகா என்ற பெண் மட்டும் இடைவேளையில் வந்து முறையிட்டாள்.

“சார், இடது கை வலிக்கு சார். ஒரே ஒரு தடவ வலது கையத் தூக்கிக்கிடட்டா?”

“தூக்கினா எந்திரிச்சி பதில் சொல்லச் சொல்லிருவேன்.”

அவள் யோசித்துவிட்டு இடது கையையே நீவிக்கொண்டு போனாள்.

தன்ஷிகாவின் அம்மா விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுபவள். மகளுக்குக் கணக்கு வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும். “வகுத்தல் மட்டுமாவது வர வச்சிருங்க சார், மத்தத அவ பாத்துக்கிடுவா” என்று ஆண்டுத் தொடக்கத்தில் வந்து கேட்டிருந்தாள். பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று பள்ளி விட்டதும் ஒரு கூடுதல் வகுப்பு இருந்தது. அதில் கோமதிநாயகம் அவளைப் பிடித்து உட்காரவைத்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வந்து, வகுத்தலும் வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே வராமல் தடுத்தது ஒரு பூஜ்யம். 618-ஐ ஆறால் வகுக்கச் சொன்னால் 103 வர வேண்டிய இடத்தில் தன்ஷிகாவுக்கு 13 வரும்.

“ஒண்ணுல ஆறு போகாதுல்லா? அப்ப மேல பூஜ்யம் போடணும்.”

“போகாததுக்கு எதுக்கு சார் எழுதணும்?”

“போகலன்னு சொல்லணும்லா.”

“சொல்லாட்டி?”

நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு நழுவக் கோமதிநாயகம் கருத்தாளர் அல்ல. நாளைக்குச் சொல்கிறேன் என்றார். பொங்கலுக்குள் அந்தப் பூஜ்யத்தை அவள் தலையில் ஏற்றிவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

நகல் கிளாஸ் தொடங்கிய நாளில் அவர் சலிப்போடுதான் கணினி அறைக்குப் போனார். சுவரில் வகுப்பு விரிந்தது. அதே முகங்கள், அதே பெஞ்சுகள். எல்லாச் சடையிலும் சிவப்பு ரிப்பன். கருவியைத் தொட்டு ஒரு வகுத்தலைக் காற்றில் பிரித்துக் காட்டினார். எண்கள் கீழே இறங்கின, மேலே ஏறின. “புரிஞ்சுதா?” என்று பழக்கத்தில் கேட்டார். “புரிஞ்சுது சார்” என்றது சுவர். அடுத்த கணக்கைக் கொடுத்தால், உண்மையிலேயே புரிந்திருந்தது.

அந்த அதிர்ச்சியிலிருந்து மீள அவருக்குச் சில நாட்கள் ஆயின. ஆயுள் முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டவர், அவற்றுக்குப் பொருள் இருப்பதை அன்றுதான் பார்த்தார். நகல்களுக்குப் பசி இல்லை, மதிய மயக்கம் இல்லை, திருவிழா இல்லை. அவர் சொன்ன பழைய நகைச்சுவைகளுக்கு அவை சரியான இடத்தில் சிரித்தன. கடைசி பெஞ்சு தன்ஷிகா வலது கையைத் தூக்கினாள், எழுந்தாள், 103 என்றாள். கோமதிநாயகம் தனியாக நின்று கைதட்டினார். காலையில் அசல் வகுப்புக்குப் போகும்போது, ஒழுகும் மூக்கும் தொலைந்த பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, இவை ஏதோ மோசமாக எடுத்த பிரதி என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. வந்ததற்காகத் தம்மையே வைதுகொண்டார். ஆனால் வந்தது.

பிறகு ஒருநாள் ஜெசிந்தா டீச்சர் அவரைக் கூப்பிட்டு, கூடுதல் வகுப்பு ரத்தாகிவிட்டது என்றார். திட்டத்தின் கணக்குப்படி எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் பின்தங்கியவர் யாரும் இல்லை. அந்த நேரத்தையும் ஆசிரியர் தம் தொழில்திறன் மேம்பாட்டுக்கு, அதாவது நகல் கிளாஸுக்கு, ஒதுக்க வேண்டும்.

“தன்ஷிகாவுக்கு வகுத்தல் வரல டீச்சர்.”

“வந்துட்டுன்னு போட்டிருக்கே சார்.”

“அது சொவத்துல இருக்க தன்ஷிகாவுக்கு.”

“சார், ஸ்கிரீன்ல பச்ச எரியுது. நாம போயி செவப்புன்னு சொன்னா நம்மளத்தான் பாப்பாங்க. சொல்லுதத மட்டும் செய்ங்க. ரிட்டையராக எனக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு.”

அன்று சாயங்காலம் அவர் கணினி அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் கம்பியில் இரண்டு கைகள் தெரிந்தன. தன்ஷிகா. ரிப்பன் இல்லை. கூடுதல் வகுப்புக்கு வழக்கம்போல் வந்தவள், பூட்டியிருக்கவே இங்கே வந்திருக்கிறாள். சுவரில் தான் எழுந்து நின்று பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் வெளியே வந்தார்.

“அவ நல்லா படிக்கா, என்ன சார்” என்றாள். குரலில் பொறாமைகூட இல்லை. பக்கத்துத் தெருப் பிள்ளையைச் சொல்வது போலச் சொன்னாள்.

“அது நீதாம்மா.”

“என் நேரத்துலதான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கீங்களா சார்?”

அவர் ஜன்னலை மறைத்தாற்போல் நின்றார்.

“அவ எங்கம்மாகிட்ட வந்து சொல்லுவாளா, வகுத்தல் வந்துட்டுன்னு?”

மறுநாள் கவின்ராஜைத் தொலைபேசியில் பிடித்தார். ஓர் ஆசிரியர் சொல்லவே கூடாத அந்த ரகசியத்தைச் சொன்னார். கைப்பாடம், வலது, இடது, எல்லாம்.

“சார், இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க. எல்லா ஸ்கூல்லயும் எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்கினாங்க சார். எந்தக் கைன்னு சிஸ்டம் பார்க்கலை, தூக்கினா விடை தெரியும்னு எடுத்துக்கிச்சு. மாநிலம் முழுக்க ஒரே மாதிரி டேட்டா. அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் எங்களுக்கே திட்டத்து மேல நம்பிக்கை வந்தது.”

“அப்ப மொத்தமும் தப்புல்லா தம்பி?”

“நல்ல கேள்வி சார். ஆனா அது ஆரம்பப் புள்ளிதான். அதுக்கப்புறம் நீங்க சொல்லிக்கொடுத்துத்தானே இவ்ளோ தூரம் வந்திருக்காங்க? உங்க உழைப்பை நீங்களே குறைச்சு பேசாதீங்க. சந்தேகம்னா அசல் பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் வைங்க. சிஸ்டம் தானா சரி பண்ணிக்கும்.”

நல்ல மனிதர், வழி சொல்லிவிட்டார் என்று கோமதிநாயகம் நம்பினார். தன்ஷிகாவைக் கணினி அறையில் உட்காரவைத்து 618-ஐக் கொடுத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு வகுத்தாள். 13. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாணவி தப்பாகப் போட்டதற்கு அவர் உள்ளம் குளிர்ந்தது. இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு சுவரில் எழுத்து வந்தது. தன்ஷிகா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“நகலுக்கு ஆதரவான சான்றுகள் அதிகம். அசலில் பிழை. தற்காலிகமானது. அசல் மாணவி தன் நகலைப் பார்த்துக் கற்கலாம்.”

வாசித்துவிட்டு அவரைப் பார்த்தாள். “அசலுன்னா நாந்தான சார்?”

“மெசின் தப்பா சொல்லுதும்மா.”

“மெசின்ல நான் சரியாத்தான இருக்கேன்.”

கோமதிநாயகத்துக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது. எந்த நல்லாசிரியருக்கும் தோன்றக் கூடாத வழி. நகல்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுப்பது. அவை தோற்கட்டும். பச்சை சிவப்பாகட்டும். கூடுதல் வகுப்பு திரும்பி வரட்டும். மறுநாள் சாயங்காலம் சுவரின் முன் நின்று, மனச்சாட்சியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு, 618-ஐ ஆறால் வகுத்து 13 என்று எழுதினார்.

“புரிஞ்சுதா?”

சுவர் சத்தம் போடவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு வலது கை உயர்ந்தது.

“சார், நடுவுல பூஜ்யத்த விட்டுட்டீங்க சார். ஒண்ணுல ஆறு போகாதுல்லா? போகலன்னு சொல்லணும்லா சார்.”

அது தன்ஷிகாவின் முகம். வார்த்தைகள் அவருடையவை. அந்தப் பெண்ணை இந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான் ஆண்டு முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். இப்போது கண்ணில் நீர் முட்டியது. பெருமையாலா, வேறு எதனாலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. விடாமல் அந்த வாரம் முழுக்கத் தப்பாகவே நடத்தினார். பெருக்கலைக் கெடுத்தார், பின்னத்தைத் தலைகீழாக்கினார், வட்டத்துக்கு மூலை இருக்கிறது என்றார். நகல்கள் ஒவ்வொன்றையும் பணிவோடு திருத்தின. திட்டத்தின் தலைமையகம் இதை உன்னிப்பாகக் கவனித்தது. ஆசிரியர் வேண்டுமென்றே தவறு செய்து, மாணவரே அதைக் கண்டுபிடிக்கத் தூண்டும் புரட்சிகரமான கற்பித்தல் முறை ஒன்றைச் சங்கரன்கோவில் பக்கத்துக் கணக்கு ஆசிரியர் ஒருவர் உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. அதற்குப் ‘பிழைவழிக் கற்பித்தல்’ என்று பெயரும் வைத்தது. மாநில விருதும் கொடுத்தது.

விருது விழா பள்ளி மைதானத்திலேயே நடந்தது. பந்தல், வாழைமரம், ஒத்துழைக்காத மைக். தென் மாவட்டத்து ஆசிரியர்கள் எல்லாரும் வரவழைக்கப்பட்டிருந்ததால், அன்று தென் மாவட்டத்தில் எங்கும் பாடம் நடக்கவில்லை. கோமதிநாயகத்துக்குச் சால்வை போர்த்தி, இனி அவரும் ஒரு கருத்தாளர், ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுப்பார் என்று உயர் அதிகாரி அறிவித்தார்.

“அப்ப என் கிளாஸ்?” என்று பக்கத்தில் நின்ற கவின்ராஜிடம் கிசுகிசுத்தார்.

“அடுத்த கட்டம் அதுதான் சார். இன்னைக்கு இங்க கேமரா வச்சிருக்கோம் பாருங்க, டீச்சர்ஸுக்கும் நகல் பண்றோம். உங்க நகல் அந்த நகல்களுக்குப் பாடம் எடுக்கும்.”

“அசல் பிள்ளைங்களுக்கு?”

“விளையாட்டு சார் பார்த்துப்பார்.”

அதிகாரி மைக்கைத் தட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்பைப் பார்த்து, சாரோட புது முறையில் எல்லாருக்கும் கணக்கு புரிஞ்சிருச்சா என்று கேட்டார். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. மேடையிலிருந்து பார்த்த கோமதிநாயகத்துக்கு மட்டும் அவை எந்தக் கைகள் என்று தெரிந்தது. கடைசி வரிசையில் தன்ஷிகா, வலித்த அதே கையை முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடித்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். சார் சொன்னபடி செய்கிறோம் என்ற சிரிப்பு.

அதிகாரி அகமகிழ்ந்து ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். இந்தக் கருவியை முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் கை தூக்கலாம் என்றார். பந்தல் முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஜெசிந்தா டீச்சர் தூக்கினார். கேமராக்கள் மெல்லச் சுழன்று ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டன. கோமதிநாயகம் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை தானாக மேலே போய்விட்டது. நாலாம் வகுப்பில் போன அதே கை. இடது. பந்தலைப் பார்த்தார். அங்கேயும் பெரும்பாலும் இடதுதான்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கருத்தாளர் கோமதிநாயகம் மறுவாரமே பயிற்சி கொடுக்கத் தூத்துக்குடிக்குப் போனார். திட்டம் மாநிலமெங்கும் முழு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. தன்ஷிகா ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாள்.

618-ஐ ஆறால் வகுத்தால் அவளுக்கு இன்னமும் 13-தான் வருகிறது.